வரப்புப் புல்லும் நெற்பூச்சியும்: எந்தக் களையை, எந்த நாளில் எடுப்பது?

கதிர் பால்பிடிக்கும் வாரத்தில் வயலுக்குள் நடந்தால் ஒரு கெட்ட வாடை மூக்கில் ஏறும். கதிர் நாவாய்ப்பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். நேற்றுவரை கண்ணில் படாத பூச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இரண்டடி தள்ளி வரப்பிலேயே இருக்கும். அங்கே குதிரைவாலிப் புல் நெல்லுக்கு முன்பே கதிர் விட்டிருக்கும். நெல் பால்பிடிக்கும்வரை பூச்சி அதைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

இதைத் தெரிந்துகொண்டதும் பலர் மண்வெட்டியை எடுத்து, வரப்பை மண் தெரியச் சுரண்டிவிடுகிறார்கள். சில பூச்சிகளுக்கு எதிராக இந்த வேலை பலன் தரும். சிலவற்றுக்கு ஒரு பலனும் இல்லை, கூலிதான் நட்டம். தவறான நாளில் செய்தாலோ, புல்லில் இருந்த பூச்சியை நாமே நெல்லுக்குள் ஓட்டிவிட்டதாக ஆகிவிடும். அதனால் மண்வெட்டிக்கு முன்னால் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: எந்தப் பூச்சி, எந்தக் களை, எந்த நாள்.

படி 1: உங்கள் வயலின் பூச்சி களையை நம்பித்தான் வாழ்கிறதா?

நெல்லை விட்டால் போக்கிடம் அதிகம் இல்லாத பூச்சிகள் சில உண்டு. மஞ்சள் தண்டுத்துளைப்பான் அப்படிப்பட்டது. நெல்லிலும் அதன் காட்டு உறவுகளிலும்தான் அது வாழ்வை ஓட்டுகிறது. அறுவடை முடிந்தபின் அதன் புழு அடித்தாளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தப் பூச்சியால் குருத்து காய்ந்து வெண்கதிர் விழுந்த வயலில் வரப்பை எவ்வளவு சுத்தம் செய்தாலும், தாளை விட்டுவைத்தால் கணக்கு தீராது.

நெல்லின் அடித்தூரில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியான புகையானும் ஏறக்குறைய இப்படித்தான். இதைப் பற்றி ஒரு குழப்பம் நெடுநாள் இருந்தது. வாய்க்கால் ஓரங்களில் நெல்லைப் போலவே தோற்றமுள்ள லீர்சியா ஹெக்சாண்ட்ரா என்ற பல்லாண்டுப் புல் வளரும். இலையைக் கையால் உருவினால் சொரசொரவென்று அறுக்கும். அதிலும் புகையானைப் பார்க்கலாம் என்பதால், நெல்லுக்குப் புகையான் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைத்தார்கள். சோதித்துப் பார்த்தபோது, புல்லில் வாழும் கூட்டமும் நெல்லில் வாழும் கூட்டமும் தனித்தனி என்று தெரிந்தது. புல்லில் பிறந்தது நெல்லில் தேறுவதில்லை. நெல்லில் பிறந்தது புல்லில் தேறுவதில்லை. ஆகவே புகையானுக்காக லீர்சியாவைத் தேடி அழிப்பதில் பொருளில்லை. அதற்கு இருப்பிடம் அறுத்த தாளில் தளிர்க்கும் மறுதாம்பும் தானாக முளைத்த நெல்லும்தான். வயலுக்குள் களை மண்டிப்போய் அடித்தூரில் நிழலும் ஈரமும் கூடினால் புகையானுக்கு வசதி, அது வேறு விஷயம்.

பச்சைத் தத்துப்பூச்சியில் பெயர் ஒன்றானாலும் இனங்கள் பல. துங்ரோ என்ற வைரஸ் நோயைத் திறமாகப் பரப்பும் நெஃபோடெட்டிக்ஸ் விரசென்ஸ் நெல்லையே பெரிதும் விரும்புவது. அதன் பங்காளியான நிக்ரோபிக்டஸ் புல்லில் நன்றாகப் பெருகும். நோய் பரப்புவதில் அது அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. தலையின் முன்விளிம்பை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை இருந்தால் அது பெரும்பாலும் நிக்ரோபிக்டஸ். ஒரு கைலென்ஸ் போதும், பார்த்துவிடலாம்.

இரண்டாவது கூட்டம், நெல்லிலும் புல்லிலும் சௌகரியமாகக் குடும்பம் நடத்துவது. இலைச்சுருட்டுப்புழு, இளஞ்சிவப்பு தண்டுத்துளைப்பான், கூண்டுப்புழு, இலைப்பேன், மாவுப்பூச்சி, முள்வண்டு, படைப்புழு, வெட்டுக்கிளி எல்லாம் இதில் சேரும். களையை எடுத்தால் இவை குறைய வாய்ப்புண்டு. இளஞ்சிவப்பு தண்டுத்துளைப்பான் புல்லோடு நிற்பதில்லை. கரும்பு, மக்காச்சோளம், சோளம், கேழ்வரகு, கோதுமை எல்லாவற்றையும் துளைக்கும். பக்கத்து நிலத்தில் கரும்பு நின்றால், புல்லை மட்டும் பார்த்துப் பயனில்லை.

மூன்றாவது, கதிர் நாவாய்ப்பூச்சியைப் போன்றவை. இவை புல்லை இலைக்காகத் தேடுவதில்லை, கதிருக்காகத் தேடுகின்றன. பால்பிடித்த மணி எங்கே இருக்கிறதோ அங்கே போகும். வளர்ந்த பூச்சி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், ஒரு பருவத்துக்கும் அடுத்ததற்கும் இடையே வெவ்வேறு புல்லின் கதிர்களில் தங்கித் தங்கி வந்து சேரும். களைக்கும் பூச்சிக்கும் உள்ள உறவு மிக நேரடியாக இருப்பது இங்கேதான். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இதைச் சுற்றியே போகும்.

படி 2: நான்கு இடங்களைச் சுற்றிப் பாருங்கள்

களை என்றதும் வயலுக்குள் இருப்பதுதான் நினைவுக்கு வரும். பூச்சிக்கு நான்கு இடம் உண்டு: வயலின் உள்பகுதி, வரப்பு, வாய்க்கால் கரை, பக்கத்துத் தரிசு. பருவம் தொடங்கும் முன் ஒரு நாள் காலையில் நான்கையும் சுற்றி வந்து, எங்கே எந்தப் புல் என்று ஒரு தாளில் கிறுக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் தேட வேண்டியது குதிரைவாலிப் புல். அதன் இரண்டு வகைகளும், அதாவது எக்கினோகுளோவா கொலோனாவும் க்ருஸ்கல்லியும், நெற்பூச்சிகள் பலவற்றுக்கு விருந்து வைக்கின்றன. இலைச்சுருட்டுப்புழு, நாவாய்ப்பூச்சி, இலைப்பேன், கூண்டுப்புழு, மாவுப்பூச்சி என்று பட்டியல் நீளும். ஒரே ஒரு களையைத்தான் எடுக்க முடியும் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

அடுத்தது லீர்சியா. புகையானுக்கு அது பொருட்டில்லை என்றாலும் இலைச்சுருட்டுப்புழுவுக்கும் கூண்டுப்புழுவுக்கும் இலைப்பேனுக்கும் அது உணவு. நிக்ரோபிக்டஸ் தத்துப்பூச்சிக்கும் பிடித்தமானது. பிறகு அருகு. வரப்பில் மெத்தைபோலப் படர்ந்து வறட்சியிலும் சாகாது. இலைப்பேனும் மாவுப்பூச்சியும் அதில் பிழைத்துக் கிடக்கும். இஞ்சிப்புல், பாஸ்பாலம் வகைகள், தினையின் காட்டு உறவுகள் போன்றவை கதிர் விடும்போது நாவாய்ப்பூச்சியை இழுக்கும்.

கோரைகள் பொதுவாகப் புல்லைவிடக் குறைவான நெற்பூச்சிகளுக்கே இடம் தரும். ஆனால் மாவுப்பூச்சிக்கும் கருநாவாய்ப்பூச்சிக்கும் கோரை ஏற்றதே. கரிசலாங்கண்ணி, ஆரை போன்ற அகன்ற இலைக் களைகளைப் பூச்சி விஷயத்தில் பெரும்பாலும் விட்டுவிடலாம். உரத்துக்கும் வெளிச்சத்துக்கும் அவை நெல்லோடு போட்டி போடும்; நெற்பூச்சிக்குச் சோறு போடுவது அபூர்வம்.

படி 3: தங்கியிருக்கிறதா, பெருகுகிறதா என்று சோதியுங்கள்

ஒரு புல்லின்மேல் பூச்சி உட்கார்ந்திருப்பதாலேயே அது மாற்று உணவுச்செடி ஆகிவிடாது. வெயிலுக்கு ஒதுங்கியிருக்கலாம், காற்று கொண்டுவந்து போட்டிருக்கலாம். முட்டை, இளம்பூச்சி அல்லது புழு, வளர்ந்தது என்று எல்லா நிலையும் அதே செடியில் கிடைத்தால்தான் அங்கே குடித்தனம் நடக்கிறது என்று நம்பலாம். புல்லில் தின்ற அடையாளமும் இருக்க வேண்டும்.

நாவாய்ப்பூச்சியின் முட்டை இலையில் வரிசையாக, தட்டையான பழுப்பு வில்லைகளாக ஒட்டியிருக்கும். சுருண்ட புல்லிலையைப் பிரித்தால் பச்சைப் புழுவும் எச்சமும் தெரிந்தால் இலைச்சுருட்டுப்புழு. மாவுப்பூச்சிக்கு இலையுறையைத் தண்டிலிருந்து உரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே வெள்ளை மெழுகுத்தூள் அப்பியிருக்கும். தண்டுத்துளைப்பானில் முட்டையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். மஞ்சள் இனம் இலை நுனியருகே முட்டையிட்டு மயிர்போன்ற செதிலால் மூடும். இளஞ்சிவப்பு இனம் இலையுறைக்கும் தண்டுக்கும் நடுவில் ஒளித்துவைக்கும். புல்லில் துளைத்த தண்டு கிடைத்தால் பிளந்து, புழுவின் நிறத்தைப் பாருங்கள்.

ஆனைக்கொம்பன் ஈ விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். புல்லில் வெள்ளிக்குழல்போன்ற கொம்பைப் பார்த்ததும் நெல்லைத் தாக்கும் ஈ இதுதான் என்று முடிவுகட்டுவது தவறு. புல்லுக்கென்றே தனி ஈ இனங்கள் இருக்கின்றன. அவற்றில் சில நமக்கு வேண்டியவை. அதைப் பின்னால் பார்ப்போம்.

கைவலை ஒன்று இருந்தால் இந்த வேலை எளிது. காலையில் வரப்புப் புல்லில் 10 வீச்சு, அதையொட்டிய நெல்லில் 10 வீச்சு. கிடைத்ததை எண்ணி எழுதிவையுங்கள். வாரம் ஒரு முறை செய்தால், புல்லில் எண்ணிக்கை இறங்கி நெல்லில் ஏறும் வாரம் கண்ணுக்குத் தெரியும். எந்தப் புத்தகமும் உங்கள் வயலுக்கு அந்தத் தேதியைச் சொல்லாது.

படி 4: நாளைக் குறியுங்கள்

*நாற்றங்காலுக்கு முன்.* விதைப்பதற்கு 2 வாரத்துக்கு முன்பே நாற்றங்காலைச் சுற்றியுள்ள புல்லை எடுத்து முடியுங்கள். இதற்குக் காரணம் படைப்புழு. வரப்புப் புல்லில் வளர்ந்த புழுக்கள் கூட்டமாக நகர்ந்து, ஓர் இரவில் நாற்றங்காலை ஆடு மேய்ந்ததுபோல் ஆக்கிவிடும். முளைத்தபின் பக்கத்துப் புல்லை வெட்டினாலோ களைக்கொல்லி அடித்தாலோ, புல் காயக் காயப் புழு பசுமையைத் தேடி நாற்றுக்குத்தான் வரும். 2 வார இடைவெளி விட்டால் உணவில்லாமல் சாகும், இல்லையேல் வேறெங்காவது போகும். இலைப்பேனுக்கும் இதே நாள் பொருந்தும். நாற்று வளர்ந்தபின் ஈரக் கையை நாற்றின் மேல் 12 முறை ஓட்டி, ஒட்டிய பூச்சிகள் 60-ஐ எட்டுகின்றனவா என்று பார்ப்பது பழைய, நம்பகமான கணக்கு.

*நடவுக்கு முன்.* வரப்பின் பக்கவாட்டைச் செதுக்கி, புல்லை வேரோடு எடுத்து, சேறு பூசுவது பல இடங்களில் வழக்கமாகவே செய்யும் வேலை. அதில் பூச்சிக்கும் ஓர் அடி விழுகிறது. வெட்டுக்கிளி தன் முட்டைப்பொதிகளை வரப்பு மண்ணுக்குள்தான் வைக்கிறது. செதுக்கும்போது அவை வெளியே வந்து வெயிலில் காயும், பறவைகள் கொத்தும். மாவுப்பூச்சி சென்ற பருவத்தில் வந்த வயலாக இருந்தால், வரப்பில் அருகும் கோரையும் நிற்கும் இடங்களைத் தனியாகக் கிளறிப் பாருங்கள். பெண்பூச்சிக்குச் சிறகில்லை, குஞ்சுகள் ஊர்ந்தும் காற்றிலும் தண்ணீரிலும்தான் பரவுகின்றன. அதனால் தாக்குதல் வரப்போரத்திலோ மேட்டுப்பகுதியிலோ திட்டுத்திட்டாகத்தான் தொடங்கும். செதுக்கிய புல்லை வயலுக்குள் எறியாதீர்கள்.

*தூர்கட்டும் பருவம்.* இப்போது வரப்பைவிட வயலின் உள்பக்கம்தான் முக்கியம். அதை அடுத்த படியில் சொல்கிறேன்.

*கதிர் வருவதற்கு முன்.* எல்லாவற்றிலும் முக்கியமான நாள் இதுதான். வரப்பிலும் வாய்க்காலிலும் கடைசிப் புல்வெட்டு, நெல் கதிர் வெளிவர ஏறத்தாழ 2 வாரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். 110 நாள் ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூத்ததிலிருந்து முற்ற ஏறத்தாழ 30 நாள் ஆகும் என்பதால் விதைத்த 80-வது நாளையொட்டிப் பூக்கும். அதிலிருந்து 15 நாளைக் கழித்தால் 65. அந்த நாளுக்குள் வரப்பில் கதிர் விட்ட புல் ஒன்றும் நிற்கக் கூடாது.

ஏன் 2 வாரம்? அந்த நேரத்தில் புல்லில் இருக்கும் நாவாய்க்குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்திருக்காது, பறக்க முடியாது. நெல்லில் இன்னும் பால் இல்லை. வெட்டினால் அவற்றுக்குப் போக இடமில்லாமல் போகிறது. பறக்கும் வளர்ந்த பூச்சிகளும் வேறு கதிரைத் தேடிக் கிளம்பிவிடும். இதே வெட்டை நெல் பூக்கும் வாரத்தில் செய்தால், புல்லில் உறிஞ்சிக்கொண்டிருந்த அத்தனையும் இரண்டடி தாண்டி நெற்கதிருக்கு வந்துவிடும்.

இந்தத் தவறு ஓரிடத்துக்கு மட்டும் உரியது இல்லை. ஜப்பானில் வரப்புப் புல்லில் பெருகும் சிறு நாவாய்ப்பூச்சிகள் அரிசியில் கறை போடுகின்றன; கதிர் வருவதற்கு ஏறத்தாழ 2 வாரம் முன்னரே புல்லை வெட்டி முடித்துவிடுங்கள், கதிர் வரும்போது வெட்டாதீர்கள் என்பதுதான் அங்கேயும் அறிவுரை. அமெரிக்காவின் தென்பகுதி நெல்வயல்களில் ஓபாலஸ் பக்னாக்ஸ் என்ற நாவாய்ப்பூச்சி, நெல் பூக்கும்வரை குதிரைவாலி போன்ற புற்களின் கதிரிலேயே பெருகிக்கொண்டிருக்கிறது.

*நாள் தவறிவிட்டால்?* அடிக்கடி நடப்பதுதான். ஆள் கிடைக்கவில்லை, மழை விடவில்லை, அதற்குள் நெல் பூத்துவிட்டது. அப்போது வரப்புப் புல்லைத் தொடாதீர்கள். அதையே பொறியாக்கிக்கொள்ளுங்கள். நாவாய்ப்பூச்சி காலையிலும் மாலையிலும்தான் சுறுசுறுப்பாக வெளியே இருக்கும்; உச்சிவெயிலில் உள்ளே ஒளிந்துகொள்ளும். அந்த இரு வேளையும் புல்லின்மேல் கைவலை வீசிப் பிடித்து அழிக்கலாம். நெல்லில் பூக்கும்போது 100 கதிருக்கு 5 பூச்சி, பால்பிடித்ததிலிருந்து முற்றும்வரை 100 கதிருக்கு 16 என்பது பொதுவாகப் பின்பற்றும் பொருளாதாரச் சேதநிலை. அதை எட்டாதவரை மருந்து தேவையில்லை.

படி 5: வயலுக்குள் குதிரைவாலியைப் பிரித்தெடுங்கள்

வயலுக்குள் வளரும் களையைக் கருவியால் வரிசைக்கு நடுவே உருட்டி அழித்துவிடலாம். குத்துக்குள்ளேயே நெல்லோடு ஒட்டி நிற்கும் குதிரைவாலிதான் தப்பிக்கும். இளம்பருவத்தில் அது நெல்லைப் போலவே இருக்கும். நாற்றோடு கலந்து நாமே நட்டுவிடுவதும் உண்டு. பிரித்தறிய ஓர் உறுதியான அடையாளம் இருக்கிறது. இலையும் உறையும் கூடும் இடத்தைப் பிரித்துப் பாருங்கள். நெல்லுக்கு அங்கே வெள்ளையாக ஒரு சவ்வு நாக்குபோல் நீட்டியிருக்கும், இருபுறமும் மயிருள்ள சிறு காதுமடல் இருக்கும். குதிரைவாலிக்கு இரண்டுமே இல்லை, அந்த இடம் மொட்டையாக இருக்கும். ஒருமுறை கண் பழகிவிட்டால் நடந்துகொண்டே பறிக்கலாம்.

நட்டதிலிருந்து முதல் 40 நாளுக்குள் இதை எடுத்துவிடுவது மகசூலுக்கும் நல்லது. 40 நாளைத் தாண்டி நிற்பது நெல்லுக்கு முன்பாகக் கதிர் விட்டு, பயிருக்கு மேலே தலையைத் தூக்கும். தூரத்திலிருந்தே தெரியும். அந்த நிலையிலும் பறிப்பதில் பலன் உண்டு, ஆனால் கதிர் பால்பிடிக்கும் முன்னரே பறிக்க வேண்டும். பறித்ததை வரப்பில் குவித்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈரம் கிடைத்தால் கணுவில் வேர்விட்டுத் திரும்ப எழும், விதை முற்றியிருந்தால் அங்கேயே கொட்டும். வயலுக்கு வெளியே எடுத்துப்போய் மட்கவிடுவது நல்லது. முற்றாததாக இருந்தால் மாட்டுக்குப் போடலாம்.

படி 6: எதை விட்டுவைப்பது

புல்லில் வாழ்வது நம் எதிரி மட்டும் இல்லை. சிலந்திகள், முட்டையை உறிஞ்சும் சிர்டோரைனஸ் நாவாய், தத்துப்பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் அனாக்ரஸ் என்ற மிகச் சிறிய குளவி ஆகியவையும் பயிரில்லாத நாட்களில் வரப்பில்தான் பிழைத்துக் கிடக்கின்றன. அனாக்ரஸுக்குத் தத்துப்பூச்சி முட்டை வேண்டும், ஆனால் அது நெல்லைத் தாக்கும் தத்துப்பூச்சியின் முட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சீனத்தில் இதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். லீர்சியா சயானுகா என்ற புல்லில் நிலபர்வதா மூயிரி என்ற தத்துப்பூச்சி வாழ்கிறது. அது நெல்லைத் தொடாது. அந்தப் புல்லை வயலோரம் வளர்த்தால் குளவி அங்கே பெருகி, புகையான் வரும்போது வயலுக்குள் போகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் வரகுக் கதை எனக்கு இதைவிடப் பிடித்தது. வயலோரத்தில் தானாக வளரும் வரகில் ஓர்சியோலியா போன்சி என்ற ஈ கொம்பு உண்டாக்குகிறது. அது நெல்லுக்கு வராது. ஆனால் அதன் புழுவைத் தாக்கும் அதே ஒட்டுண்ணிக் குளவிகள்தான், நெல்லைத் தாக்கும் ஆப்பிரிக்க ஆனைக்கொம்பனையும் தாக்குகின்றன. களை என்று வரகைச் சுத்தமாகச் சுரண்டியவர் குளவியின் தொட்டிலையும் சேர்த்துச் சுரண்டியிருப்பார்.

ஆகவே வரப்பைச் சுரண்டும்போது இப்படிச் செய்யலாம். குதிரைவாலியைத் தேர்ந்து எடுங்கள். கதிர் விடக்கூடிய புல்லை நாள் பார்த்து வெட்டுங்கள். பூக்கும் அகன்ற இலைச் செடிகளை, வயலுக்குள் படராதவரை, அப்படியே விடுங்கள். குளவிகளுக்கு அவற்றின் தேன் வேண்டும். வரப்பில் எள் விதைத்தால் இந்தத் தேவை இன்னும் நன்றாக நிறைவேறும். சீனம், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளின் வயல்களில் தேன்தரும் செடிகளை வரப்பில் வளர்த்துப் பார்த்து, மருந்து குறைந்ததையும் மகசூல் கூடியதையும் பதிவு செய்திருக்கிறார்கள். நீண்ட வரப்பாக இருந்தால் ஒரே நாளில் முழுவதையும் மொட்டையடிக்காமல், ஒரு பக்கம் முடித்து ஒரு வாரம் கழித்து மறுபக்கம் போங்கள். சிலந்திகளுக்கு ஒதுங்க இடம் இருக்கும். ஆனால் கதிர் வருவதற்கு முந்தைய கடைசிப் புல்வெட்டுக்குக் குறித்த நாளை இது தாண்டக் கூடாது.

படி 7: அறுவடைக்குப் பின், நெல்லே களையாகும்போது

முதல் படியில் சொன்ன மஞ்சள் தண்டுத்துளைப்பானுக்கும் புகையானுக்கும் துங்ரோவுக்கும் இங்கேதான் வேலை. தரையொட்டி அறுத்து, தாளை உடனே உழுது, முடிந்தால் தண்ணீர் கட்டினால், அடித்தாளுக்குள் இருக்கும் புழு பெரும்பாலும் சாகும். தாள் தளிர்த்து மறுதாம்பு விட்டால் பச்சைத் தத்துப்பூச்சி அதில் தொடர்ந்து வாழும். அந்தத் தாள் துங்ரோ கண்டதாக இருந்தால், அடுத்த நாற்றங்காலுக்கு நோயும் அதிலிருந்தே போகும். நோய் வந்த வயலில் கால்நடைத் தீவனத்துக்காகக்கூட மறுதாம்பை விட்டுவைக்க வேண்டாம். தானாக முளைத்த நெல்லையும், வயலில் புகுந்துவிட்ட களை நெல்லையும் இதே கண்ணோடு பாருங்கள். ஆனைக்கொம்பனுக்குக் காட்டு நெல்லும் களை நெல்லும் நேரடி உணவு.

இதையெல்லாம் ஒருவர் மட்டும் செய்து, பக்கத்து வயலில் மறுதாம்பு தழைத்துக் கிடந்தால் பலன் பாதிதான். பறக்கும் பூச்சிக்கு வரப்பு எல்லை இல்லை. உழவையும் கடைசிப் புல்வெட்டையும் பக்கத்து வயல்காரர்களோடு பேசி ஒரே வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியையும் கைவலைக் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதிவைத்தால், அடுத்த பருவத்தில் 65-வது நாள் என்ற பொதுக்கணக்குக்குப் பதில் உங்கள் வயலுக்கே உரிய நாள் கையில் இருக்கும்.